குழந்தை எழுத்தும் கற்பனை மாந்தரும்

ஆரம்பப் பள்ளிச் சிறுவன் ஒருவனைப் பசுவைப் பற்றி எழுதுமாறு பணித்தால், ‘பசு ஒரு வீட்டு விலங்கு, அதற்கு நான்கு கால்கள் உண்டு’ என்று தொடங்குவான். அடுத்திருப்பவனும் அவ்வாறே எழுதுவான். ஒருவன் வீட்டுப் பசு கறக்கும்போது உதைக்கும். மற்றவன் வீட்டுப் பசு, குரல் கேட்டதும் ஓடிவரும். இவ்வேறுபாட்டை இருவரும் நன்கறிவர். ஆயினும் அஃது ஏட்டில் ஏறுவதில்லை. மனப்பாடம் செய்ததையே எழுத வேண்டும் என்று அவர்கள் எண்ணிவிட்டனர்.

இக்குறை பள்ளியோடு நிற்பதன்று. எழுதப் படிக்கத் தெரிந்தும், தெருக் குழாய் பழுதுற்றதை நான்கு வரியில் மனுவாக எழுதப் பிறர் கையை நாடுவோர் நம் ஊர்களில் பலர். எழுத்தறிவு வேறு; தன் கருத்தைத் தானே எழுதும் ஆற்றல் வேறு. பின்னதை இளமையிலேயே வளர்த்தல் வேண்டும். அதற்கு எளிய வழி, குழந்தை தானே ஒரு கற்பனை மாந்தரைப் படைத்து, அவரைப் பற்றி எழுதுவதாகும்.

ஐந்து வினாக்கள்

கற்பனை மாந்தர் மனிதராகவே இருக்க வேண்டுவதில்லை. பஞ்சதந்திரத்தில் வரும் கரடகனும் தமனகனும் நரிகளே. எனினும் ஒருவன் எச்சரிக்கையுள்ளவன், மற்றவன் சூழ்ச்சிக்காரன். குணமே மாந்தரை உண்டாக்குகிறது. ஆகவே குழந்தையிடம் பின்வரும் வினாக்களைக் கேட்க வேண்டும்:

1. அதன் பெயர் என்ன?
2. எங்கே வாழ்கிறது?
3. எதை விரும்புகிறது?
4. எதற்கு அஞ்சுகிறது?
5. அதன் விருப்பத்துக்குத் தடை யாது?

எடுத்துக்காட்டாக, சோளக்கொல்லைப் பொம்மையைக் கொள்வோம். பெயர் வைக்கோல் அண்ணன். இருப்பிடம் கொல்லை நடுவே. அவனுக்குக் குருவிகளோடு பேச ஆசை, மழையென்றால் அச்சம். குருவிகளை அழைத்தால் கதிர் போய்விடும். விரட்டினாலோ பேசத் துணையில்லை. ‘இனி என்ன செய்வான்?’ என்று கேட்டு நிறுத்திவிட வேண்டும். இதற்கு விடை எந்தப் பாடநூலிலும் இல்லை. விடையறிந்தவர் அக்குழந்தை ஒருவரே. அந்தப் பெருமிதமே எழுதத் தூண்டும்.

கவனிக்க வேண்டியவை

1, 2ஆம் வகுப்புக் குழந்தைகள் வாயால் சொல்லட்டும்; பெரியவர் ஒருவர் சொன்னபடியே எழுதி, திரும்பப் படித்துக் காட்டலாம். தன் சொல் எழுத்தாவதைக் கண்ட குழந்தை, விரைவில் தானே எழுத முற்படும். 3ஆம் வகுப்பு முதல் தாமே எழுதலாம்.

எழுதும்போது குறுக்கிட்டுப் பிழை திருத்தலாகாது. கதை முடிந்த பின்னர் இரண்டு மூன்று பிழைகளை மட்டும் காட்டினால் போதும். மாந்தர் பேசும் இடத்தில் ஊர்ப் பேச்சு வந்தால் வரட்டும். நீதி கூறியே முடிக்க வேண்டும் என்ற கட்டாயமும் வேண்டா.

‘இல்லாததைச் சொல்லப் பழக்கினால் பொய் பேசக் கற்காதோ?’ எனப் பெற்றோர் சிலர் ஐயுறலாம். மரக்குச்சியைக் குதிரையென ஓட்டும் குழந்தை அதற்குப் புல் தேடி அலைவதில்லை. விளையாட்டையும் மெய்யையும் அது பிரித்தறியும்.

கதைவழிக் கல்வி நம் நாட்டுக்குப் புதிதன்று. குஜராத்தின் பாவ்நகரில் 1920ஆம் ஆண்டில் பால மந்திர் என்னும் குழந்தைப் பள்ளியைத் தொடங்கிய கிஜுபாய் பதேக்கா, கதைக்குக் கல்வியில் முதன்மையான இடமளித்தார். தம் முறையை விளக்க, ‘பகற்கனவு’ என்ற நூலில் அவரே கற்பனை ஆசிரியர் ஒருவரைப் படைத்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

ஊராட்சியின் பங்கு

2006ஆம் ஆண்டில் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் ஊராட்சிகளில் நூலகங்கள் அமைக்கப்பட்டன. அத்தகைய கட்டடம் உள்ள ஊரில், வாரம் ஒரு மணி நேரம் அதனைக் குழந்தைகளுக்கு ஒதுக்கலாம். தாளும் பென்சிலுமே செலவு. கதை சொல்ல வல்ல முதியோரை அழைக்கலாம். எழுதியவற்றைச் சுவரில் ஒட்டி, ஊரார் படிக்கச் செய்யலாம். ஆடு மேய்க்கச் செல்லும் பிள்ளைகளும், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் பெண் குழந்தைகளும் வரக்கூடிய நேரமாக அது அமைதல் அவசியம்.

விவசாயப் பெருமக்களே! இன்று மாலை உங்கள் குழந்தையிடம் இவ்வைந்து வினாக்களையும் கேட்டுப் பாருங்கள். விடையைப் பொறுமையுடன் கேளுங்கள். இன்று பொம்மையின் குறையை எழுதும் கை, நாளை ஊரின் குறையைத் தயக்கமின்றி எழுதும்.