மூளையில்லா உயிரின் அறிவு

மூளையும் நரம்பும் இல்லாத உயிர் சூழ்நிலையை உணருமா? உணரும். மலேரியாக் கிருமி ஒரே உயிரணுவால் ஆனது. கொசு நம் இரத்தத்தை உறிஞ்சியதும், உடன்சென்ற கிருமி வெப்பம் தணிவதையும் கொசுக்குடலின் சாந்துரேனிக் அமிலத்தையும் உணர்கிறது. அதனுள் கால்சியம் பெருகுகிறது. அதுவே கட்டளையாகி, சுமார் 15 நிமிடங்களில் ஆண் கிருமி எட்டு இழைகள் வரை பிரிந்து இனப்பெருக்கத்துக்கு ஆயத்தமாகிறது. புரதங்களின் இவ்வேதிவினையே அதன் 'அறிவு'.

கொசுவின்றி அக்கிருமி பரவுவது அரிது. ஆகவே 1901-இல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடியச்செய்து நோயைக் குறைத்தார். இன்றோ, குரங்குகளிடமிருந்து கொசுவழி வரும் நோலேசி வகை 24 மணி நேரத்துக்கொருமுறை பெருகுகிறது. காட்டோரத்தில் பால் வெட்டுவோர், காய்ச்சல் கண்ட அன்றே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுதல் வேண்டும். கிருமி காத்திராது, நாமும் காத்திருத்தல் ஆகாது.