அச்சகத்துக்கு வேர்டு ஃபைலைத் தராதீர்கள்

“பிடிஎஃப்போடு வேர்டு ஃபைலும் இருக்கட்டும் சார், சின்னத் திருத்தம் வந்தா நாங்களே போட்டுடுவோம்” என்று அச்சகத்தில் கேட்பார்கள். தரவே தராதீர்கள். எங்கள் பள்ளியின் நூற்றாண்டு மலர் அதில்தான் கெட்டது.

மலரை 96 பக்கத்துக்குள், கச்சிதமாக ஆறு ஃபாரமாக அடக்கியிருந்தேன். எழுத்துரு நோட்டோ செரிஃப் தமிழ். ஒரு நன்கொடையாளரின் இனிஷியலைத் திருத்த, அச்சகத்தின் பழைய விண்டோஸ் 7 கணினியில் வேர்டு ஃபைலைத் திறந்தார்கள். அங்கே அந்த எழுத்துரு இல்லை. வேர்டு இதைக் கேட்டுக்கொண்டா செய்யும்? சத்தமில்லாமல் லதாவைப் போட்டுக்கொண்டது. லதா அகலமான எழுத்து. வரிகள் மடங்கின, பத்திகள் இறங்கின, மலர் 103 பக்கமாயிற்று. பொருளடக்கத்தில் 41 என்று இருந்த கட்டுரை 44இல் போய் நின்றது. முன்னாள் தலைமையாசிரியரின் படம் ஒரு பக்கம், அவர் பெயர் அடுத்த பக்கம். அப்படியே அச்சேற்றிவிட்டார்கள்.

மலர்க் குழுக் கூட்டத்தில் “ஃபைல் சரியில்லை” என்று என்னைக் கைகாட்டினார் அச்சகக்காரர். நான் அனுப்பிய பிடிஎஃப் அன்றும் 96 பக்கம்தான். இன்றும் எந்த செல்போனில் திறந்தாலும் 96தான்.

வேர்டிலிருந்து பிடிஎஃப்பாக மாற்றுவது பெரிய வேலை இல்லை. ‘சேவ் ஆஸ்’ போய் பிடிஎஃப் தேர்ந்தெடுங்கள். ‘மினிமம் சைஸ்’ வேண்டாம், படங்கள் மங்கிவிடும். அங்கேயே ‘ஆப்ஷன்ஸ்’ பொத்தானுக்குள் ஐஎஸ்ஓ 19005-1 என்றோ பிடிஎஃப்/ஏ என்றோ ஒரு கட்டம் இருக்கும். அது பிடிஎஃப்/ஏ, ஆவணக் காப்புக்காக 2005இல் வந்த தரம். எழுத்துருக்கள் ஃபைலுக்குள்ளேயே பதிந்திருக்க வேண்டும் என்பது அதன் விதி. அதை டிக் செய்யுங்கள். பிறகு அடோபி ரீடரில் திறந்து கன்ட்ரோல், டி இரண்டையும் சேர்த்து அழுத்தி ‘ஃபான்ட்ஸ்’ பகுதியைப் பாருங்கள். ஒவ்வொரு எழுத்துருவின் பக்கத்திலும் ‘எம்பெடட்’ அல்லது ‘எம்பெடட் சப்செட்’ என்று இருக்க வேண்டும். ஒன்றில் இல்லாவிட்டாலும் அனுப்பாதீர்கள்.

எழுத்துரு பதிந்தால் மட்டும் போதாது. கட்டுரை கொடுப்பவர்களில் பாதிப்பேர் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் அடித்துத் தருவார்கள். பாமினியில் ‘தமிழ்’ என்பது கணினிக்கு ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி, அவ்வளவுதான். பிடிஎஃப்பில் பார்க்கத் தமிழாகவே இருக்கும். ஆனால் தேடினால் ஒரு பெயரும் அகப்படாது, நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். தாத்தா பெயர் எந்தப் பக்கம் என்று பேரன் தேட வேண்டிய புத்தகம் அல்லவா இது? ஒருங்குறிக்கு மாற்றிய பிறகே பக்கம் அமையுங்கள். “பாமினியே போதும்” என்று எங்கள் குழுவில் வாதாடியவர்களுக்கும் இதைத்தான் சொன்னேன்.

திருத்தம் வந்தால் நீங்களே செய்து புதுப் பிடிஎஃப் கொடுங்கள். “கொடுத்த பிடிஎஃப்பிலிருந்து மட்டுமே அச்சு” என்று ஆர்டர் சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எங்களிடம் அந்த ஒரு வரி இருந்திருந்தால், கூடுதலாகப் போன ஏழு பக்கத்தின் காகிதக் காசை யார் தலையில் கட்டுவது என்ற பேச்சே எழுந்திருக்காது.