வீட்டில் தாளம் அமைக்க எதை முதலில் வாங்குவோம்?

பாட்டுக்குத் தாளம் அமைக்கப் பிள்ளை ஆசைப்படுகிறது. அதற்காக விதைநெல்லுக்கு வைத்த காசை எடுப்பதா, காப்பை ஈடு வைப்பதா? இரண்டும் வேண்டாம். படிப்படியாகச் செல்வோம்.

1. இருப்பதில் தொடங்குவோம். வெறும் வாளியைத் தட்டியும், அரிசி போட்ட தகரப் பேணியைக் குலுக்கியும் கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்வோம்.

2. பழைய கணினியோ இரவல் கணினியோ போதும். ஓடாசிற்றி, எல்.எம்.எம்.எஸ். ஆகிய மென்பொருள்கள் இலவசம். ஒருமுறை இறக்கி வைத்தால் இன்டர்நெட் இல்லாமலும் இயங்கும்.

பயிற்சி: நிமிடத்துக்கு 120 அடி என்றால் ஓர் அடிக்கு அரை வினாடி, 4 அடிக்கு 2 வினாடி. 1ஆம், 3ஆம் அடிகளில் வாளி. 2ஆம், 4ஆம் அடிகளில் பேணி. சரியாக 2 வினாடிக்கு வெட்டித் திரும்பத் திரும்ப ஒலிக்க விடுவோம். தாளம் ஆயத்தம்.

3. முதற் செலவு வயர் உள்ள ஹெட்போன். புளூடூத்தில் ஒலி சற்றுப் பிந்தி வருவதால் தாளம் தவறும்.

4. கடைசியாகவே 25 கட்டை உள்ள மிடி கீபோட். இவற்றுள் பெரும்பாலானவை தனியே ஒலிக்கமாட்டா, கணினியோடு இணைக்கவேண்டும். கேட்டறிந்தே வாங்குவோம்.

ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980இல் வெளியிட்ட டீ.ஆர்.-808 தாளப்பெட்டி, உண்மையான மேளம்போல் இல்லை என்று பலரால் ஒதுக்கப்பட்டது. 1983இல் உற்பத்தியும் நின்றது. பழைய பொருளாக மலிவாய்க் கிடைத்த அதனை வாங்கிய அமெரிக்க இளைஞரின் கையில், அதன் ஒலி ஹிப்ஹொப் இசைக்கே அடையாளமாயிற்று.

ஆகவே மூன்று மாதம் இருப்பதைக் கொண்டே பிள்ளை பழகட்டும். ஆர்வம் நிலைத்தால், கடன்படாமல் ஒவ்வொன்றாக வாங்குவோம்.

கலந்துரையாடுவோம்: எமது வீட்டில் ஒலி தரும் பொருட்கள் எவை? அயலில் கணினியை இரவல் தரக்கூடியவர் யார்?