கையொப்பமிட்ட இணைப்பு

2004 டிசம்பர் 26 அன்று சென்னை மெரினாக் கரையிலுள்ள நொச்சிக்குப்பத்தைச் சுனாமி தாக்கியது. கடல்நீர் புகுந்த வீட்டில் மதிப்பெண் சான்றிதழும் குடும்ப அட்டையும் தப்புவது அரிது. இன்று அவற்றின் படிகளைக் 'கிளவுட்' எனப்படும் தொலைச் சேமிப்பகத்தில் வைக்கலாம். ஆனால் உதவித்தொகைக்காக ஓர் அலுவலகத்துக்கு ஒரு சான்றிதழை மட்டும் காட்ட வேண்டும் என்று கொள்வோம். கடவுச்சொல்லைக் கொடுத்தால் எல்லாக் கோப்புகளும் திறந்துவிடும். பூட்டாமல் விட்டால் யாரும் பார்க்கலாம். வேறு வழி உண்டா?

உண்டு. அதுதான் கையொப்பமிட்ட இணைப்பு. எந்தக் கோப்பு, எந்த நேரம் வரை, அதற்குரிய ஒப்பம் ஆகிய மூன்றும் அந்த இணைப்பிலேயே எழுதப்பட்டிருக்கும்.

ஒப்பம் எப்படிப் பிறக்கிறது? ஒரு சிறு கணக்கால் காண்போம். கோப்பு எண் 24. முடியும் நேரம் 17 மணி. உரிமையாளரின் செயலிக்கும் சேமிப்பகத்துக்கும் மட்டும் தெரிந்த இரகசிய எண் 9. (24+17)×9=369. இதன் கடைசி இரண்டு இலக்கங்களான 69தான் ஒப்பம். இணைப்பு 24-17-69 என்று அமையும்.

ஒருவர் 17ஐ 20 என்று திருத்தினால் என்ன ஆகும்? சேமிப்பகம் தானே கணக்கிடும்: (24+20)×9=396. ஒப்பம் 96 என்றிருக்க வேண்டும், வந்ததோ 69. கதவு திறக்காது. திருத்தாவிட்டாலும் 17 மணிக்குப் பின் திறக்காது.

நம் கணக்கை எளிதில் உடைத்துவிடலாம். உண்மையில் பயன்படுவது 'எச்மேக்' என்னும் முறை. இதை 1996இல் மிகிர் பெல்லாரே, ரான் கனெட்டி, ஹியூகோ கிராவ்சிக் ஆகியோர் வெளியிட்டனர். இதன் ஒரு வகையில் ஒப்பத்தின் நீளம் 256 பிட். அதாவது இருக்கக்கூடிய ஒப்பங்களின் எண்ணிக்கை ஒரு 78 இலக்க எண்! ஊகித்துப் பிடிப்பது நடவாத செயல். அமேசான், கூகுள் சேமிப்பகங்களில் இம்முறையில் ஓர் இணைப்புக்கு அதிக அளவு ஆயுள் 604800 விநாடிகள், அதாவது 7 நாள்கள்.

ஒன்றை மறவாதீர்கள். இணைப்பைக் கொண்டுவருபவர் யார் என்று ஒப்பம் கேட்பதில்லை. அது பேருந்துச் சீட்டு போன்றது. கையில் வைத்திருப்பவரே பயணி. ஆகவே குழுக்களில் பகிராமல் உரியவருக்கு மட்டும் அனுப்புங்கள். காலத்தையும் குறுக்கி வையுங்கள்.

பயிற்சி: 24-17-69 என்ற இணைப்பை மட்டும் கொண்டு இரகசிய எண்ணைக் கண்டுபிடிக்க முடியுமா? 41ஐ 1, 2, 3 என்று வரிசையாகப் பெருக்கிப் பாருங்கள். சிறிய இரகசியம் ஏன் போதாது என்பது விளங்கும்.