அறுவைக்குக் காத்திருக்கும் நாட்கள்

உங்கள் தெருவில் ஒருவருக்கு நெஞ்சுவலி. இதயத்துக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய்களில் அடைப்பு. மாற்றுவழி அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும் என்று டாக்டர் கூறிவிட்டார். கிள்ளையைச் சேர்ந்தவரானால் சிதம்பரம், புதுச்சேரி, சென்னை என்று அலைந்து, பரிசோதனைகள் முடித்து, காப்பீட்டு அனுமதியும் வாங்க வேண்டும். நாள் குறிக்கச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை அவர் என்ன செய்வது?

"அசையாமல் படுத்திரு" என்பார்கள் வீட்டார். அன்பினால் சொல்வதுதான். ஆனால் படுக்கை உடலை என்ன செய்கிறது தெரியுமா?

1966-இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில், இருபது வயதுள்ள ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். நோயற்றவர்கள்! எனினும், உழைக்கும்போது அவர்கள் உடல் பயன்படுத்தக்கூடிய பிராணவாயுவின் உச்ச அளவு கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரையும் சோதித்தபோது, முதுமை செய்த நஷ்டத்தைவிட அந்த மூன்று வாரம் செய்த நஷ்டமே பெரிதாக இருந்தது. நோயாளியின் நிலையை நீங்களே ஊகிக்கலாம்.

இனி அறுவைக்கு வருவோம். நடு மார்பெலும்பைப் பிளந்துதான் பெரும்பாலும் இதயத்தை அடைகிறார்கள். பிறகு சில நாட்கள் இருமினால் வலிக்கும். வலிக்கு அஞ்சி மேலோட்டமாக மூச்சு விடுவார் நோயாளி. நுரையீரலின் அடிப்பகுதி விரியாது, சளி தேங்கும், கிருமிகள் பெருகி நிமோனியா வரலாம். இதைத் தடுக்க, மூச்சை உள்ளிழுக்கும் தசைகளை முன்கூட்டியே பலப்படுத்தினால் என்ன?

நெதர்லாந்தில் இதைச் சோதித்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். அறுவைக்குக் காத்திருந்தவர்களில் ஒரு பிரிவினர், காற்று எளிதில் நுழையாதபடி தடுக்கும் சிறு குழாய்க் கருவி வழியாகத் தினமும் 20 நிமிடம் மூச்சை இழுத்துப் பழகினர். குறைந்தது இரண்டு வாரம். அறுவைக்குப்பின் நுரையீரல் கோளாறு கண்டவர்கள், பழகாதவர்களில் நூற்றுக்கு 35 பேர். பழகியவர்களில் 18 பேர்!

பயிற்சி மூச்சோடு முடிவதில்லை. பிளந்த எலும்பு கூடுவதற்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதுவரை கையை ஊன்றி எழக்கூடாது. பிச்சாவரத்தில் படகு வலிப்பவர் துடுப்பைத் தொடவே கூடாது. ஆகவே, நாற்காலியிலிருந்து கால் பலத்தாலேயே எழ முன்பே பழக்குகிறார்கள். தலையணையை மார்போடு அணைத்து இருமவும் கற்பிக்கிறார்கள். புகைப்பதை நிறுத்துவதும், சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் இக்காலத்து வேலைகளே. வால்வு மாற்றப்படுபவருக்குப் பல் வைத்தியமும் அவசியம். சொத்தைப் பல்லின் கிருமி இரத்தத்தில் கலந்து புது வால்வில் குடியேறக்கூடும்.

இப்பயிற்சி பெற்ற பல நோயாளிகள் சொல்வது சுவையானது. உடல் வலிமையைவிட, பயம் குறைந்ததையே அவர்கள் பெரிதாகக் கூறுகிறார்கள். "நடந்தால் இதயம் நின்றுவிடும்" என்று நடுங்கியவர், பயிற்சியாளர் நாடியைப் பார்த்துக்கொண்டிருக்க நூறு அடி நடக்கிறார். ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் இருநூறு. எந்த அளவில் நிறுத்த வேண்டும் என்பது அவருக்கே புரிகிறது.

எல்லோருக்கும் இது பொருந்துமா? பொருந்தாது. படுத்திருக்கும்போதே வலிப்பவர்களும், மகாதமனி வால்வு மிகவும் சுருங்கியவர்களும் நடைப் பயிற்சியில் இறங்குவது ஆபத்து. யார், எவ்வளவு நடக்கலாம் என்பதை டாக்டரே கூற வேண்டும்.

அனுமதி பெற்றவருக்கு எளிய அளவுகோல் ஒன்று உண்டு. நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு தடையின்றிப் பேச முடிகிறதா? வேகம் சரி. பேச்சு திக்குகிறதா? குறைக்க வேண்டும். நெஞ்சு இறுகினால் உடனே உட்கார வேண்டும். இதற்குக் கருவி வேண்டியதில்லை. மாலையில் அவரோடு பேசிக்கொண்டே நடக்க உங்களைப் போல் ஒருவர் போதும்.