தேயிலைத் தோட்டத்திலிருந்து உளவியல் பட்டத்துக்கு

கேமரன் மலையின் ஹாபுவிலோ ரிங்லெட்டிலோ எஸ்.பி.எம். முடித்த பிள்ளை உளவியல் படிக்க ஆசைப்பட்டால், என்ன வேலைக்குப் போக விருப்பம் என்று முதலில் கேளுங்கள். அதைப் பொறுத்துப் படிப்பே மாறும்.

பலர் சறுக்குவது இங்கேதான். உரிமம் பெற்ற ஆலோசகராக, 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி ஆலோசகர் வாரியத்தில் பதிய வேண்டும். வெறும் உளவியல் பட்டம் அதற்குப் போதாது; வாரியம் ஏற்கும் ஆலோசனைத் துறைப் பட்டம் தேவை. தஞ்சோங் மாலிம் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் அந்தத் துறை உண்டு. மருத்துவமனையில் மருத்துவ உளவியலாளராக வேண்டுமா? முதல் பட்டத்துக்குப் பின் அத்துறையில் முதுகலையும் முடிக்க வேண்டும். மாத்திரை எழுதித் தரும் மனநல மருத்துவர் என்றால், வழி மருத்துவக் கல்லூரி.

கலைப் பிரிவு மாணவர்களுக்கு ஆறாம் படிவம் நல்ல வழி, செலவும் குறைவு. அரசுப் பல்கலைக்கழகத்துக்கு யுபியு இணையத்தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். எஸ்.பி.எம். மலாய்மொழியில் கிரெடிட், வரலாற்றில் தேர்ச்சி, கூடவே மூயெட் ஆங்கிலத் தேர்வு, இவற்றில் அலட்சியம் வேண்டாம். பாங்கியிலுள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம், கோத்தா கினபாலுவிலுள்ள மலேசிய சபா பல்கலைக்கழகம் இரண்டிலும் உளவியல் உண்டு.

வீட்டுக்குப் பக்கம் என்றால் தாப்பா வழியாகக் கம்பார் இறங்கலாம். அங்குள்ள துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் தனியார் என்பதால் கட்டணம் கூடும். தனியார் எதுவானாலும் மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனத்தின் (எம்.கியூ.ஏ.) பதிவேட்டில் அந்தப் படிப்பின் பெயரைத் தேடிப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். கட்டணத்துக்கு பி.டி.பி.டி.என். கல்விக் கடன் வாங்கினால், அது பின்னால் திருப்பிக் கட்ட வேண்டிய கடன் என்பதை மறக்காதீர்கள்.

கணக்குக்குப் பயந்து உளவியலுக்கு ஓடுபவர்களுக்கு ஒரு சேதி: புள்ளியியல் அங்கேயும் காத்திருக்கிறது.