16 டாலர் சம்பளம் வாங்குற சர்வருக்கு டிப்ஸ் எதுக்கு?

ஆகஸ்டில் எம்.எஸ். படிக்க அமெரிக்கா கிளம்புறீங்களா? விசா, ரூம்மேட், பிரஷர் குக்கர் எல்லாக் கவலையும் முடிந்த பிறகு இந்தக் கேள்வி உங்களைத் தேடி வரும். ரெஸ்டாரன்டில் உட்கார்ந்து சாப்பிட்டாச்சு. பில் 30 டாலர். அதன் கீழே 18, 20, 25 சதவீதம் என்று டிப்ஸ் போட்டிருக்கும். 20 சதவீதம் என்றால் 6 டாலர். நம்ம மூளை சும்மா இருக்குமா? உடனே ரூபாயில் கணக்குப் போடும். 500-க்கு மேலே!

அப்போது கூட இருக்கிற யாராவது ஒருத்தர் சொல்வார்: "இந்த ஸ்டேட்ல சர்வருக்கு மினிமம் வேஜ் முழுசா கொடுக்கிறாங்கடா. அப்புறம் நாம எதுக்கு டிப்ஸ் வைக்கணும்?"

கேள்வி நியாயமானதுதான். ஆனால் பதில் சொல்வதற்கு முன்னால் அங்கே சம்பளம் எப்படிப் போடுகிறார்கள் என்று தெரிய வேண்டும்.

ரெண்டு விதமான சம்பளம்

அமெரிக்க மத்திய அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். 2009-க்குப் பிறகு இது ஏறவே இல்லை. ஆனால் டிப்ஸ் வாங்கும் வேலையில் இருப்பவர்களுக்கு முதலாளி கையிலிருந்து 2.13 டாலர் கொடுத்தால் போதும். இந்த 2.13 வந்தது 1991-ல், அதாவது நாம் பிறப்பதற்கு முன்னால். மீதி 5.12 டாலர் டிப்ஸில் வந்துவிடும் என்று சட்டமே வைத்துக்கொள்கிறது. இதற்குப் பெயர் 'டிப் கிரெடிட்'. ஒரு வாரத்தில் அந்த அளவுக்கு டிப்ஸ் வரவில்லை என்றால், குறைகிற தொகையை முதலாளி போட்டு 7.25 ஆக்க வேண்டும். டெக்சாஸில் இந்த முறைதான்.

கலிஃபோர்னியா, வாஷிங்டன், ஓரிகன், நெவாடா, மொன்டானா, மினசோட்டா, அலாஸ்கா ஆகிய ஏழு மாநிலங்களில் டிப் கிரெடிட் கிடையாது. மாநிலத்தின் முழு மினிமம் வேஜ், அதற்கு மேலே டிப்ஸ். 2025-ல் கலிஃபோர்னியாவில் மணிக்கு 16.50 டாலர், வாஷிங்டன் மாநிலத்தில் 16.66 டாலர்.

அதனால் "சர்வர் மினிமம் வேஜ் வாங்குறார்" என்று யாராவது சொன்னால், முதலில் எந்த மாநிலம் என்று கேளுங்க.

ஒரு வாரக் கணக்கு

ரெண்டு சர்வர்கள். ஒருத்தர் டெக்சாஸில், இன்னொருத்தர் வாஷிங்டனில். ரெண்டு பேருக்கும் வாரம் 30 மணி நேர வேலை.

டெக்சாஸ் சர்வருக்கு டிப்ஸ் பூஜ்யம் என்றால், முதலாளி 217.50 டாலர் கொடுக்கணும் (30 × 7.25). டிப்ஸ் 100 டாலர் வந்தால்? முதலாளி 117.50 கொடுத்தால் போதும். சர்வர் கையில் அதே 217.50. டிப்ஸ் 153.60 வந்தால் முதலாளி கொடுப்பது வெறும் 63.90. சர்வர் கையில் அப்பவும் அதே 217.50 தான்! அதற்கு மேல் வருகிற டாலர்தான் சர்வருக்கு முழுசா கூடுதல் வருமானம். டிப்ஸ் 400 வந்தால் மொத்தம் 463.90.

வாஷிங்டன் சர்வருக்கு டிப்ஸ் இல்லாமலே 499.80. டிப்ஸ் 100 என்றால் 599.80. 400 என்றால் 899.80.

இதை கிராஃப் போட்டுப் பாருங்க. டெக்சாஸ் கோடு நம்ம சிலிக்கான் டயோடு மாதிரி. 0.7 வோல்ட் வரை கரன்ட் எதுவும் பெரிதாக ஓடாது, அப்புறம்தான் மேலே ஏறும். இங்கே அந்த முழங்கால் வளைவு மணிக்கு 5.12 டாலரில் இருக்கிறது. அதுவரை வருகிற டிப்ஸ் முதலாளியின் சம்பளச் செலவைத்தான் குறைக்கிறது. வாஷிங்டன் கோடோ முதல் டாலரிலிருந்தே நேர்கோடு.

இதில் வேடிக்கை என்னவென்றால், "டிப்ஸ் தேவையில்லை" என்று நாம் சொல்கிற மாநிலத்தில்தான் டிப்ஸ் முதல் டாலரிலிருந்தே சர்வருக்கு லாபமாகிறது.

டெக்சாஸில் டிப்ஸ் வீண் என்று இதற்கு அர்த்தம் இல்லை. 30 டாலர் பில்லுக்கு 6 டாலர் வைத்தால், மணிக்கு ஒரு டேபிளிலேயே அந்த 5.12 தாண்டிவிடும். கூட்டம் இருக்கும் கடையில் உங்க காசு சர்வருக்குத்தான் போகும். ஆனால் 10 டாலர் பில் வருகிற சின்னக் கடையில், ஈ ஓட்டுகிற செவ்வாய்க்கிழமை காலையில் அப்படி இல்லை. அங்கே யாருமே டிப்ஸ் வைக்கவில்லை என்றாலும் சர்வருக்குச் சட்டப்படி மணிக்கு 7.25 வரணும். அதையும் கணக்குப் பார்த்து முதலாளியிடம் கேட்டு வாங்குகிற தைரியம் எல்லோருக்கும் இருக்காது.

சரி, வாஷிங்டனில் வைக்கணுமா?

சர்வருக்குப் போய்ச் சேருகிறதா என்பது ஒரு கேள்வி. தேவையா என்பது வேறு கேள்வி.

'வேண்டாம்' கட்சியிடம் ஒரு பலமான வாதம் இருக்கிறது. அதே 16.66 டாலருக்கு சூப்பர் மார்க்கெட்டில் நாள் முழுக்க நின்றுகொண்டே பில் போடுகிறவருக்கு யாரும் டிப்ஸ் வைப்பதில்லை. சர்வருக்கு மட்டும் ஏன்? இதற்கு நியாயப்படி நல்ல பதில் கிடையாது. வரலாற்றுப்படி ஒரு பதில் இருக்கிறது, அது அழகானது இல்லை. அடிமை முறை ஒழிந்த பிறகு புல்மேன் ரயில் கம்பெனி, விடுதலையான கறுப்பினத்தவரைப் போர்ட்டர்களாகக் குறைந்த சம்பளத்தில் எடுத்தது. மீதியைப் பயணிகளின் டிப்ஸ் பார்த்துக்கொள்ளும் என்று விட்டது. வேலைக்கு ஆள் வைத்தவர் தர வேண்டிய கூலியை வாடிக்கையாளர் தலையில் கட்டும் பழக்கம் இப்படித்தான் அங்கே வேர்விட்டது. இதை எதிர்த்தவர்களும் உண்டு. டிப்ஸுக்குத் தடை போட்டு 1909-லேயே சட்டம் கொண்டுவந்தது இதே வாஷிங்டன் மாநிலம்தான். அந்தச் சட்டம் சில வருடங்களில் காணாமல் போனது.

ஆனாலும் 'வைக்கணும்' என்றுதான் நான் சொல்வேன். நம்ம ஊர் ஷேர் ஆட்டோவை நினைச்சுப் பாருங்க. மீட்டர் கிடையாது, ரேட் போர்டு கிடையாது. ஆனால் எங்கே ஏறினால் எவ்வளவு என்று ஏறுகிற எல்லோருக்கும் தெரியும். இறங்கும்போது "போர்டு எங்கே?" என்று கேட்டால் அது நியாயமாகாது. அதே மாதிரி, வாஷிங்டனில் டேபிளில் உட்காரும்போதே வழக்கம் என்ன என்று உங்களுக்குத் தெரியும். சர்வரும் டிப்ஸை எதிர்பார்த்துத்தான் அந்த வேலையில் சேர்ந்திருக்கிறார். மணிக்கு 16.66 கேட்க நல்லா இருக்கும். வாரம் 30 மணி நேரம் என்றால் வருடத்துக்கு வரிக்கு முன்னால் சுமார் 26,000 டாலர்தான். நீங்க வாடகை தேடுகிற அதே ஊரில் அவரும் வாடகை கொடுக்கணும்.

டிப்ஸ் வைக்காமல் விட்டால் அது போராட்டமா?

"முதலாளி கொடுக்கட்டும், நான் எதிர்ப்புத் தெரிவிக்கிறேன்" என்கிறவர்களும் உண்டு. மேலே போட்ட கணக்கையே எடுங்க. வாஷிங்டனில் நீங்க டிப்ஸ் வைக்கவில்லை என்றால் முதலாளிக்கு நஷ்டம் எவ்வளவு? பூஜ்யம். சாப்பாட்டுக் காசு அவருக்கு முழுசா வந்தாச்சு. டெக்சாஸிலும் 5.12-க்குக் கீழே போனால்தான் அவர் பாக்கெட்டில் கை வைக்கணும். உங்க போராட்டத்தின் செலவை ஏற்பது சர்வர் மட்டும்தான்.

முதலாளியே மாற்ற நினைத்தாலும் சுலபமில்லை. நியூயார்க்கில் டேனி மேயர் 2015-ல் தன் ரெஸ்டாரன்ட்களில் டிப்ஸை எடுத்துவிட்டு, மெனு விலையை ஏற்றிச் சம்பளமாகக் கொடுக்க ஆரம்பித்தார். 2020-ல் அதைக் கைவிட்டார். மாசசூசெட்ஸில் சர்வர்களுக்கும் முழு மினிமம் வேஜ் வேண்டுமா என்று 2024-ல் வாக்கெடுப்பு நடந்தது. மக்கள் 'வேண்டாம்' என்றார்கள். டிப்ஸ் குறைந்துவிடும் என்று பயந்து எதிர்த்தவர்களில் சர்வர்களும் இருந்தார்கள். மாற்றம் வரவேண்டியது சட்டத்தில். நம்ம டேபிளில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து வருவதால் வராது.

கிளம்பும் முன் குறித்துக்கொள்ளுங்க

1. டெக்சாஸ் மாதிரி 2.13 மாநிலங்களில் உட்கார்ந்து சாப்பிட்டால் 18 முதல் 20 சதவீதம். அதைச் சாப்பாட்டு விலையின் ஒரு பகுதியாக நினைத்து பட்ஜெட் போடுங்க. கட்டுப்படி ஆகாத மாதத்தில் பார்சல் வாங்குங்க, இல்லை ரூமில் சமைங்க.

2. முழுச் சம்பள மாநிலங்களில் 15 சதவீதம் வைத்தால் கூனிக் குறுக வேண்டியதில்லை. ஸ்கிரீனில் 25 சதவீதம் முதலில் தெரிகிறது என்பதற்காக அதை அழுத்தணும் என்று இல்லை.

3. வரிக்கு முந்தைய தொகையில் சதவீதம் போடுங்க. பில்லில் ஏற்கெனவே 'கிராஜுவிட்டி', 'சர்வீஸ் சார்ஜ்' சேர்ந்திருக்கா என்று பாருங்க. பெரிய குரூப்பாகப் போனால் பல இடங்களில் தானாகச் சேர்த்துவிடுவார்கள். சர்வீஸ் சார்ஜ் என்றால் அது சர்வருக்குப் போகிறதா என்று கேட்பதில் தப்பில்லை.

4. கவுன்டரில் நின்று காபி வாங்கினாலோ பார்சல் எடுத்தாலோ, டிப்ஸ் உங்க விருப்பம்.

5. டிப்ஸ் இன்டெர்னல் மார்க் இல்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் லின் பல வருட ஆராய்ச்சியில் கண்டது, சர்வீஸின் தரத்துக்கும் டிப்ஸ் அளவுக்கும் தொடர்பு ரொம்பக் குறைவு என்பதுதான். சாம்பார் லேட்டா வந்தது கிச்சன் தப்பாகவும் இருக்கலாம். குறை இருந்தால் மேனேஜரிடம் வாயால் சொல்லுங்க, சர்வர் சம்பளத்தில் கழிக்காதீங்க.